ஒரு வரி விடாமல் கேட்டவருக்கு

லாத்தா,

இன்றைக்குக் காலையில் நெய்ச்சோற்றுக்குக் கிராம்பு தாளித்துவிட்டு, சோறு வேகிற நேரத்தில் கூடத்துக்கு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். வாசனை பின்னாலேயே வந்தது. அது மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் போய்த் திரையைப் பாதி மூடிவிட்டது. திரையில் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு காலேஜ் பெண் தன் கம்ப்யூட்டர் நிரல் ஓடவில்லை என்று போட்டோ பிடித்து அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். மூடிய பிறகுதான் உறைத்தது, எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க நீங்கள் இல்லை என்று. மறுபடி திறந்து வைத்தேன்.

சொத்தைப் பல்லுக்காக நீங்கள் எப்போதும் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கி வைத்திருப்பீர்கள். காலடிச் சத்தமே கேட்காமல் நடக்கிற ஆள் நீங்கள். கிராம்புதான் எனக்கு உளவு சொல்லும். நீங்கள் என் கணவரின் அக்கா, எனக்கு நாத்தனார், இந்த வீட்டில் எனக்கு முன்பே இருந்தவர், நான் வந்த நாளிலிருந்து என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவர். உங்களுக்கு எழுதுவதற்கு நான் ஏன் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன் என்று யோசித்தால், எழுதினால் அதையும் சந்தேகப்படுவீர்களோ என்ற பயம்தான் காரணம் என்று படுகிறது.

நீங்கள் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் உண்டா? பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்ப்பீர்கள். கரண்டு மீட்டர் கணக்கெடுக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டு அவரை வாசலிலேயே நிற்க வைத்தீர்கள். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினால், அது சேத்தியாத்தோப்புக்குத்தான் போகிறதா என்று டிரைவரிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் ஒரு தடவை. பீங்கான் கம்பெனியில் உங்களுக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்ற வேலை. சூளையிலிருந்து இறங்கிய கப்புகளையும் ஃப்யூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஒரு குச்சியால் தட்டிக் காதில் வாங்குவீர்கள். நல்லதென்றால் கணீரென்று கேட்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தக் குச்சியைக் கீழே வைக்க உங்களுக்கு மனசு வராது.

உங்கள் தம்பி கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைகள் படிக்கட்டும் என்று அந்த லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் அதில் கார்ட்டூன் பார்த்தார்கள். கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் முடித்து வந்தவள் நான். பிள்ளைகள் ஸ்கூலுக்கும் நீங்கள் கம்பெனிக்கும் போன பிறகு, வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்று தமிழில் ஒரு குரூப் இருந்தது. நிரல் மக்கர் பண்ணினால் அதில் போட்டோ எடுத்துப் போட வேண்டும், தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்வார்கள். உங்களிடம் நான் எதையும் மறைக்கவில்லை. சொல்லவும் இல்லை. உங்கள் கணக்கில் அந்த இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் நீங்கள் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டீர்கள். எட்டாவது வரை படித்தவர் என்பதால் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவீர்கள். திரையில் இருந்த ஒரே வார்த்தையை வாசித்தீர்கள்.

"ஹலோன்னு போட்டிருக்குது. யாருக்கு எழுதுற?"

"யாருக்கும் இல்ல லாத்தா. பைத்தான் படிக்கறேன். மொதல்ல எல்லாரும் இதத்தான் எழுதுவாங்க."

"யாருக்கும் இல்லாமயா ஹலோ சொல்லுவாங்க?"

அந்தக் கேள்வியை இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். 

அப்புறம் அந்தப் பன்னிரண்டும் ஐந்தும். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்கிற சின்ன நிரல் ஒன்று எழுதியிருந்தேன். உங்களைக் கொஞ்சம் என் பக்கம் இழுக்கலாம் என்று, "காலைல பன்னெண்டு கப்பு, சாயங்காலம் அஞ்சு கப்பு, மொத்தம் எவ்வளவுன்னு இது சொல்லும் பாருங்க" என்று பெருமையாக ஓட்டிக் காட்டினேன். நூற்றி இருபத்தைந்து என்று வந்தது. நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கம்பெனி முதலாளி கணக்கில் கோளாறு செய்து மாட்டிக்கொண்டால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். தட்டச்சு செய்த எண்ணை அது எழுத்தாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது, எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குரூப்பில் போட்டேன். கதிர் என்ற பெயரில், ஒரு பைக் படத்தை முகப்பில் வைத்திருந்த ஒருவர், உடனே திருத்தி அனுப்பினார். பதினேழு வந்தது.

"யாரு இந்தக் கதிரு?"

"தெரியாது லாத்தா. குரூப்ல இருக்காரு. கேட்டா சொல்லித் தருவாரு."

"காசு வாங்குறானா?"

"இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்று நீங்கள் கேட்டபோது கிராம்பு ஒரு கடைவாயிலிருந்து இன்னொரு கடைவாய்க்குப் போனது. "பொம்பள பேரப் பாத்துட்டுச் சும்மா சொல்லித் தரானா? எந்த ஊராம்?"

வேப்பூர் பக்கம் என்று சொல்லியிருந்தார். வேப்பூரில் எங்கே என்று கேட்கச் சொன்னீர்கள். ஹைவே பக்கம் என்று பதில் வந்தது. "வேப்பூரே ஹைவே பக்கந்தான். இதச் சொல்ல வேப்பூர்ல இருக்கணுமா?" என்றீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகு கதிரின் பதில்களை வாசிக்கும்போதெல்லாம் அந்த ஹைவே எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது என்பதும் நிஜம்.

அன்றைக்குப் போட்டீர்கள் அந்தச் சட்டத்தை. வெளியாள் யார் எழுதி அனுப்பினாலும், அதை ஓட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரி ஒன்று இருந்தாலும் ஓட்டக் கூடாது. நிரலுக்குள் ஒளித்து வைத்து எனக்கு ஏதாவது எழுதி அனுப்புகிறார்களோ என்பதுதான் உங்கள் கவலை, எனக்குத் தெரியும். படிப்பை நிறுத்து என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் ஒத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகையை முடித்துவிட்டு, டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். நான் சொல்ல ஆரம்பிப்பேன். "இந்த வரி ஒரு டப்பா மாதிரி, இதுல பேரெல்லாம் போட்டு வைக்கறோம். இந்த வரி, டப்பாவுல இருந்து ஒவ்வொரு பேரா எடுக்குது. இந்த வரி..." அங்கே எனக்கே தட்டும். ஒவ்வொரு பெயராக எடுத்து அச்சிட வேண்டிய வரியை மேல் வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினால்தான் அது எல்லாப் பெயருக்கும் ஓடும்; தள்ளாமல் விட்டிருப்பேன், அதனால்தான் கடைசிப் பெயர் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கும். காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் உங்களிடம் சொல்லும்போது கண்ணில் படும். சட்டென்று திருத்துவேன். உடனே நீங்கள் டம்ளரைக் கீழே வைப்பீர்கள்.

"எதுக்கு அத மாத்துன? நான் கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே மாத்துற?"

"தப்பா இருந்துச்சு லாத்தா."

"இவ்வளவு நேரம் தெரியாத தப்பு, நான் வந்து ஒக்காந்ததும் தெரிஞ்சிருச்சா? மொதல்லேர்ந்து சொல்லு."

மறுபடியும் முதல் வரியிலிருந்து. இப்படி எத்தனை சாயங்காலம் போயிருக்கும்! என் தப்புகளில் பாதியை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் கண்டுபிடித்தேன் என்பதை நீங்கள் கடைசி வரைக்கும் நம்பவில்லை. உங்களைக் கண்டு பயந்து அழித்துவிடுகிறேன் என்றே நினைத்தீர்கள்.

நீங்கள் ஏன் இப்படி என்பது ஒரே ஒரு தடவைதான் உங்கள் வாயாலேயே வந்தது. நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். உங்கள் கணவர் சவூதியில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாராம். சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பு எப்படி இருக்குது என்று ஒரு குறையும் இல்லாமல் பேசுவாராம். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று, கம்மாபுரத்துக்காரர் ஒருவர் ஊருக்கு வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்தது. "நம்பிக்கிட்டே இருந்தேன். ஒரு கேள்வி கூடக் கேக்கல" என்று சொல்லிவிட்டு, கடலைத் தொலியை ஊதிவிட்டு, எழுந்து போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நான் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு நடந்ததற்கு நான் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முணுமுணுத்தேன்.

பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் எடுப்பதாகக் குரூப்பில் செய்தி வந்தது. கடைகளின் வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்கிற வேலை. ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரு பெரிய பட்டியலை அனுப்பி, திரும்பத் திரும்ப வருகிற பெயர்களை நீக்கி, ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி ஆக்கி, நிரலோடு திருப்பி அனுப்பச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் நம் ஊரையே ஆளுக்கு ஒரு விதமாக இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. என் பெயரில் ஒரு வேலை, என் கையால் செய்து முடித்தேன் என்று காட்ட ஒரு பொருள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் மறுபடியும் லேப்டாப்பில் கார்ட்டூன் ஓடும், நான் அடுப்படிக்குப் போவேன்.

நாள் நெருங்க நெருங்க நிரல் பிடிவாதம் பிடித்தது. கதிரிடம் தனியாகக் கேட்டேன். முழுசாக எழுதியே அனுப்பிவிட்டார். "சிஸ்டர், அப்படியே காப்பி பண்ணி ஓட்டுங்க, ரெடியாகிடும்" என்று. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. காப்பி பண்ணி வைத்தேன். ஓட்டியிருப்பேன். கிராம்பு வாசனை வந்துவிட்டது.

வரி வரியாகச் சொன்னேன். நடுவில் ஒரு வரி. அது முடியவே இல்லை, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து, ஒரு அர்த்தமும் இல்லாமல். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

"இது என்னா?"

"அது ஏதோ தேவையானது லாத்தா. அதான் போட்டிருக்காரு."

"என்னா பண்ணுதுன்னு கேட்டேன்."

"தெரியல."

"அப்ப அவனக் கேளு."

கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர், ரன் பண்ணுங்க" என்று வந்தது. மறுபடி கேட்கச் சொன்னீர்கள். மறுபடி கேட்டேன். பதில் வரவில்லை. நாம் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அவர் நிரலை அனுப்பியிருந்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்று வந்து நின்றது. நான் காப்பி பண்ணி வைத்திருந்த வரியைக் குரூப்பில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் அலறியடித்துக்கொண்டு எழுதினாள், ஓட்டிடாதீங்கக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கற பைலை எல்லாம் வேற எங்கயோ அனுப்பற வரி அது என்று. அந்த லேப்டாப்பில்தான் உங்கள் தம்பியின் பாஸ்போர்ட்டு, விசா, பேங்கு சம்பந்தப்பட்டது எல்லாம் இருந்தன.

கதிர் குரூப்பை விட்டுப் போய்விட்டார். தெரிந்தே செய்தாரா, அவரும் எங்கிருந்தோ வாசிக்காமல் எடுத்துப் போட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் செய்தவர் எதற்கு நீக்க வேண்டும் என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று சந்தோஷமாக எழுதியிருப்பேன். முடியவில்லை. அன்று சாயங்காலமே உங்கள் தம்பி போன் பண்ணினார். அவர் குரலே சரியில்லை.

"யாரு அந்தக் கதிரு?"

வெளியாள் யாரும் அவரிடம் சொல்லியிருக்க வழியே இல்லை. வீட்டில் அது தெரிந்தது உங்களுக்கும் எனக்கும்தான். பூண்டு உரித்துக்கொண்டிருந்த உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "இனிமே அந்தப் படிப்பும் வேணாம், பரீட்சையும் வேணாம். லேப்டாப்ப பீரோவுல வச்சு லாத்தாகிட்ட சாவியக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொடுத்தேன். நீங்கள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். 

மறுநாள் வெள்ளிக்கிழமை, உங்களுக்கு லீவு. பகல் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, போனை எடுத்துவரச் சொன்னீர்கள். "அவனும் நீயும் பேசினது எல்லாத்தையும் படி. ஆரம்பத்துலேர்ந்து."

படித்தேன் லாத்தா. குரூப்பிலும் தனியாகவுமாகப் பல மாதத்துப் பேச்சு. என் சந்தேகங்கள், அவர் பதில்கள், நான் சொன்ன நன்றிகள், ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது. சிரிப்புப் பொம்மை போட்டிருந்த இடத்தில் "இது என்னா?" என்றீர்கள். சிரிப்பு என்றேன். "எதுக்குச் சிரிச்ச?" பன்னிரண்டும் ஐந்தும் நூற்றி இருபத்தைந்து வந்ததற்கு என்றேன். நீக்கப்பட்ட செய்தி வந்த இடத்தில் நிறுத்தினேன். "மேல படி" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். முடித்தபோது என் தொண்டை வறண்டு போயிருந்தது. "சரி, போ" என்றீர்கள். கல்யாணமாகி வந்த வீட்டில், பிள்ளை பெற்ற பிறகு, குற்றவாளி மாதிரி உட்கார்ந்து வாசித்தேன். அன்றைக்கு அழுதது போல என்னைப் பெற்ற வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த நாளில்கூட நான் அழவில்லை.

அடுத்த நாள் காலையில் பீரோ சாவி லேப்டாப் மேல் இருந்தது. லேப்டாப் மேஜை மேல் இருந்தது. நீங்கள் கம்பெனிக்குப் போயிருந்தீர்கள். மதியம் உங்கள் தம்பி போன் பண்ணி, "சரி, பரீட்சைய எழுது" என்றார். ஏன் என்று கேட்டேன். "எழுதுன்னா எழுது" என்றார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. என்னை விட்டுப் பிடிக்கிறார்களோ, அக்காவும் தம்பியும் சேர்ந்து இன்னும் எதையோ சோதிக்கிறார்களோ என்று. உங்களிடம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். வீம்பு வந்து, யாரிடமும் உதவி கேட்காமல், எனக்குத் தெரிந்த வரிகளை மட்டும் வைத்து நானே எழுதினேன். நீளமாக, நொண்டி நொண்டி ஓடியது. ஆனால் ஓடியது. அனுப்புவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் உங்கள் பக்கம் திருப்பிவைத்துச் சொன்னேன். நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டீர்கள்.

வேலை கிடைத்தது. போனில் கூப்பிட்டுப் பேசிய கம்பெனிக்காரர் எந்த வரியைக் கேட்டாலும் நான் சொன்னேன். மற்றவர்கள் அழகான நிரல் அனுப்பியிருந்தார்களாம், கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வரவில்லையாம். இதை உங்களிடம் சொன்னபோது, "மொதல்ல அந்தக் கம்பெனி இருக்குதான்னு பாரு" என்றீர்கள். முதல் சம்பளம் வந்த பிறகும் நீங்கள் ஒரு வாரம் அதை நம்பவில்லை.

கோள் சொன்னது நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உங்களோடு இத்தனை வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டேன். நீங்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் என்னிடம் நீட்டி, "இது என்னா பண்ணும், படி" என்பீர்கள். நர்ஸம்மா பாவம், மருந்தோடு காத்துக்கொண்டு நிற்பார். நான் படித்துச் சொன்னால் விழுங்குவீர்கள், வேறு யார் சொன்னாலும் விழுங்க மாட்டீர்கள். அது எனக்கு விசித்திரமாகவே இருந்தது. என்னைச் சந்தேகப்பட்டவர் நான் சொன்னதை மட்டும் ஏன் விழுங்குகிறார் என்று, உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த வெள்ளிக்கிழமை எனக்குள் அடங்கவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு உங்கள் தம்பி லீவில் வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு சோறாக்கிய தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, நேராகவே கேட்டேன்.

"அன்னிக்குக் கதிரு விஷயத்த உங்ககிட்ட லாத்தாதானே சொன்னாங்க?"

"ஆமா. வேற யாரு?"

"தெரியும். அப்பறம் ஏன் ரெண்டே நாள்ல மனசு மாறுனீங்க?"

 அவர் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை, நான் உள்ளே படுத்து அழுதுகொண்டிருந்த நேரத்தில், நீங்கள் மொட்டைமாடிக்குப் போய் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறீர்கள். அவர் அந்த வார்த்தைகளை மறக்கவில்லை. உங்கள் குரலிலேயே சொன்னார்.

"நேத்து நாந்தான் சொன்னேன், இன்னிக்கும் நாந்தான் சொல்றேன். ஒரு வரி விடாம படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்டா. அவகிட்ட ஒண்ணும் இல்ல. படிக்கட்டும், பரீட்ச எழுதட்டும். நாளைக்கி ஊர்ல எவனாவது அவளப் பத்தி ஒரு வார்த்த சொன்னா, அவள ஒண்ணும் கேக்காத. மொதல்ல என்னியக் கேளு."

தேக்சாவில் தண்ணீர் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்தான் குழாயை மூடினார்.

இப்போது அந்தக் குரூப்பில் பதில் சொல்கிறவள் நான். காலையில் போட்டோ அனுப்பிய பெண்ணுக்கு நிரலை எழுதித் தரவில்லை, நாலாவது வரி என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேட்ட உடனே முழு நிரலையும் எழுதித் தருகிற ஏஐ இருக்கிறது. ஒரு பிழையும் இல்லாமல், பளபளவென்று வருகிறது. எனக்கு அதைப் பார்த்தால் உங்கள் குச்சியால் ஒரு தட்டு தட்டிக் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பெண் கோபித்துக்கொண்டு, "நீங்க என்ன நம்பலயாக்கா?" என்று எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.

என்ன போடுவது? அன்றைக்கு மதியம் நீங்கள் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தத் தொண்டை வறட்சி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் லாத்தா, என் வாப்பா என்னை நம்பினார், பெற்ற பிள்ளை என்பதால். உங்கள் தம்பி நம்பினார், ஒரு போனில் அது போனது, இன்னொரு போனில் வந்தது. என்னைப் பற்றிய எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு என் பக்கம் வந்து நின்றவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.